பட்டயம்

கூடலூரிலும் கம்பத்திலும் நிலத்துக்கான காகிதத்தைப் பட்டா என்பார்கள். குமுளிச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அதே காகிதம் பட்டயம் ஆகிவிடும். பீருமேடு மலையில் மூன்று தலைமுறையாகத் தமிழ் பேசுகிறவர்களும் அதைப் பட்டயம் என்றே சொல்கிறார்கள். "அவனுக்குப் பட்டயம் கிடைச்சிருச்சு" என்று ஒருவர் சொல்லும்போது கவனித்துக் கேளுங்கள். சர்க்கார் வேலை கிடைத்ததைக்கூட அந்தக் குரலில் சொல்லமாட்டார்கள்.

குமுளியிலிருந்து வண்டிப்பெரியாறு, பீருமேடு தாண்டி, குட்டிக்கானத்தில் கட்டப்பனைச் சாலை பிரிகிறது. அதில்தான் ஏலப்பாறை. பேரில் ஏலம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தேயிலை. கடைவீதியில் மலையாளமும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் கலந்து ஓடும். அங்கிருந்து வாகமன் பக்கம்தான் என்பதால் சனி, ஞாயிறுகளில் கார் வரிசை கட்டிப் போகும். காரில் போகிறவர்கள் பச்சைச் சரிவைப் படம் எடுப்பார்கள். அந்தச் சரிவின் இடுப்பில் துருப்பிடித்த தகரக் கூரையோடு நீளமாக ஒரு கட்டடம் இருக்கும். படத்தில் அதுவும் விழும். பெரும்பாலும் வெட்டி விடுவார்கள். அதுதான் லயம், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை.

அப்படி ஒரு லயத்தின் திண்ணையில் ஒரு பாட்டியிடம் பேசிக்கொண்டிருந்தேன். எத்தனை வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பொறந்ததே இங்கதான் தம்பி. இந்த ரூமு இல்ல, மேல் லயத்துல. கல்யாணம் கட்டி இங்க வந்தேன்."

"வீடு யார் பேர்ல இருக்கு?"

சிரித்துவிட்டார். "வீடா? இது லயம்ப்பா. நம்ம பேரெல்லாம் செக்ரோல்லதான் இருந்துச்சு. இப்ப அதுலயும் இல்ல."

செக்ரோல் என்றால் தோட்டத்தின் ஆள் பதிவேடு. அவர் வேலையிலிருந்து நின்று பல வருஷம் ஆகிவிட்டது. கிராஜுவிட்டி முழுதாகக் கைக்கு வரவில்லை. வாங்கினால் வீட்டைக் காலி செய்ய வேண்டும், வாங்காததால் இருக்கிறார். கடன்பட்டவர் கொடுக்காத பணம்தான் அவருடைய கூரையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. இப்படி ஒரு குடியிருப்பு உரிமையை எந்தச் சட்டப் புத்தகத்திலும் பார்க்க முடியாது.

லயம் என்ற சொல் குதிரை லாயத்திலிருந்து வந்ததா, இங்கிலீஷ் 'லைனி'லிருந்து வந்ததா என்று அறிஞர்கள் வாதாடலாம். கட்டடத்தைப் பார்த்தால் இரண்டும் பொருந்துகிறது. ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டு ஆறோ எட்டோ பத்தோ வீடுகள். முன்னால் ஒரு திண்ணை, நடுவில் ஓர் அறை, பின்னால் புகை படிந்த அடுப்படி. பக்கத்து வீட்டில் தாளித்தால் இந்த வீட்டில் இருமுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெள்ளைக்காரத் துரைமார் இந்த மலையில் முதலில் காப்பி போட்டார்கள். இலைநோய் வந்து காப்பி அழிந்தது, தேயிலை ஏறியது. மதுரை, திருநெல்வேலி, ராமநாதபுரம் பக்கங்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் கூட்டி வந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கு வழியாக, குமுளிக் கணவாயில் நடந்தே ஏறினவர்கள். பெரும்பாலோர் தலித்துகள், ஊரில் நிலம் இல்லாததால்தான் மலை ஏறினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் நிலம் விஷயத்தில் ஏறும்போது இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

1951இல் மத்திய அரசு தோட்டத் தொழிலாளர் சட்டம் கொண்டுவந்தது. தொழிலாளிக்கு வீடு கொடுப்பது முதலாளியின் கடமை என்றது அது. நல்ல சட்டம்தான், அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயமும்கூட. ஆனால் வீட்டை வேலையோடு சேர்த்துத் தைத்துவிட்டது. கொழுந்து கிள்ளுகிற வரைக்கும் வீடு. ஓய்வு வயதுக்குள் வீட்டில் இன்னொருவர் செக்ரோலில் ஏறியாக வேண்டும். மகளையோ மருமகளையோ படிப்பை நிறுத்தித் தோட்டத்துக்கு அனுப்பியதற்குக் கூலியைவிட இந்தக் கூரையே காரணமாக இருந்த வீடுகள் பல. 1981இல் அந்தச் சட்டத்தில் ஒரு திருத்தம் செய்தார்கள்: முதலாளி கொடுத்த வீடு இடிந்து யாராவது செத்தாலோ அடிபட்டாலோ அவர் நஷ்ட ஈடு தர வேண்டும். குடியிருப்பவரின் தவறாகவோ இயற்கைச் சீற்றமாகவோ இருந்தால் தர வேண்டியதில்லை. இடுக்கியில் லயம் எப்போது இடியும்? மழையில்தான் இடியும். மழை இயற்கை.

1956இல் மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம். இந்தத் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. தோவாளை முதல் விளவங்கோடு வரை நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. தேவிகுளமும் பீருமேடும் வரவில்லை. அதைப் பற்றி இன்னும் வருத்தப்படுகிறவர்கள் சென்னையில் உண்டு. ஏலப்பாறையில் அந்தப் பேச்சை எடுத்தால் ஆர்வமாகக் கேட்பார்கள், பிறகு ரேஷன் கார்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். இந்தப் பக்கம் வந்திருந்தால் லயத்துக்குப் பட்டா கிடைத்திருக்குமா? தமிழகத்துத் தேயிலை மலைகளான வால்பாறைக்கும் மாஞ்சோலைக்கும் போய்ப் பார்த்தவன் என்ற முறையில், நான் அப்படி நம்பவில்லை.

கேரளத்துக்குப் பெருமை சேர்த்தது 1970 ஜனவரி 1. நிலச் சீர்திருத்தச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாள். குத்தகை முறை ஒழிந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரருக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகராட்சியில் 3 என்று உரிமை வந்தது. இந்தியாவில் இவ்வளவு தூரம் போன மாநிலங்கள் குறைவு என்பது உண்மை. ஆனால் தேயிலை, காப்பி, ரப்பர், ஏலத் தோட்டங்களுக்கு நில உச்சவரம்பிலிருந்து விலக்கு. தோட்டம் முழுசாக இருக்க வேண்டும் என்பது வாதம். முழுசாக இருந்தது. சமவெளியில் பெருநிலக்காரர் நிலத்துக் குடிசைக்காரர் 10 சென்ட்டுக்குச் சொந்தக்காரர் ஆனபோது, மலையில் கம்பெனி வீட்டில் இருந்தவர் தொழிலாளியாகவே நின்றார். அவர் குடிகிடப்புக்காரர் கணக்கில் வரவில்லை.

அதே மலையில் இன்னொரு கதை நடந்தது. உணவுப் பஞ்ச காலத்தில் பயிர் செய்யச் சொல்லி அரசே காட்டைத் திறந்துவிட்டது. கோட்டயம், பாலா பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மலையேறினார்கள். 1950களில் பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சராக இருந்தபோது அரசுக் குடியேற்றங்களும் வந்தன. அவர்களும் உல்லாசமாக வரவில்லை. யானையோடும் மலேரியாவோடும் போராடியவர்கள். 1961இல் இடுக்கி அணையின் நீர்ப்பிடிப்புக்காக அய்யப்பன்கோவிலில் குடியேறியவர்களைப் போலீஸ் வைத்து வெளியேற்றி, குமுளிக்குப் பக்கத்தில் அமராவதியில் கொட்டும் மழையில் இறக்கிவிட்டார்கள். அந்த ஜூன் மாதம் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் அமராவதிக்கு வந்து உண்ணாவிரதம் இருந்தார். நாடு திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு இடுக்கியில் குடியேறியவரை எந்த அரசும் அவ்வளவு சுலபமாகத் தொடவில்லை. கடைசியில் 1977 ஜனவரி 1க்கு முன் காட்டு நிலத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் பட்டயம் கொடுக்க 1993இல் சிறப்பு விதிகளே வந்தன.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரே ஒரு கணக்கு இடிக்கிறது. 1976இல் காட்டுக்குள் போய்க் குடிசை போட்டவருக்குப் பட்டயம் கேட்க வழி உண்டு. 1906இல் அழைத்துவரப்பட்டு அதே மலையில் செடி நட்டவரின் கொள்ளுப்பேத்திக்கு வழி இல்லை. ஆக்கிரமித்தவருக்கு அனுபவ பாத்தியம் என்று ஒரு பெயர் இருக்கிறது. அழைக்கப்பட்டவருக்கு அனுமதி மட்டும்தான்.

இனி காட்டுக்குப் போவோம். பீருமேடு தாலுகாவின் தெற்கு ஓரம் பெரியாறு புலிகள் காப்பகம். தேக்கடி என்று சொன்னால் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். 1886இல் முல்லைப் பெரியாறு அணைக்காகத் திருவிதாங்கூர் 999 வருஷக் குத்தகைக்கு 8,000 ஏக்கர் எழுதிக் கொடுத்தது, 1895இல் பென்னிகுயிக் அணையை முடித்தார். அணை ஏரியை உண்டாக்கியது; ஏரியைச் சுற்றிய காட்டை மன்னர் 1934இல் நெல்லிக்காம்பட்டி வேட்டைச் சரணாலயம் ஆக்கினார். 1950இல் அது பெரியாறு வனவிலங்குச் சரணாலயம், 1978இல் புலிகள் காப்பகம், 1982இல் அதன் நடுப்பகுதி தேசியப் பூங்கா. இந்த வரிசையில் ஆண்டுக்கு ஆண்டு பெயர் மாறியதே தவிர, உள்ளே இருந்த மன்னான்களையும் பளியர்களையும் கேட்டு ஒரு பெயரும் வைக்கவில்லை. தண்ணீர் ஏறியபோது மேலே போனார்கள். பிறகு காட்டின் விளிம்புக்கு வந்தார்கள். இன்று குமுளியை ஒட்டி மன்னாக்குடி, பளியக்குடி என்று இருக்கின்றன. மன்னான்களுக்கு அரசர் உண்டு. கட்டப்பனைக்குப் பக்கத்தில் கோவில்மலையில் இருக்கிறார். தங்கள் முன்னோர் மதுரையிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை.

ஆனால் அந்தக் காப்பகத்தில் அன்றைக்கும் இன்றைக்கும் வித்தியாசம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1990களின் பிற்பாதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, காட்டில் பட்டை உரித்துக் கடத்தியவர்களையே கூப்பிட்டு வழிகாட்டிகளாக்கினார்கள். வழக்குகளிலிருந்து விடுபட்ட ஆட்கள் இன்று சுற்றுலாப் பயணியைக் காட்டுக்குள் அழைத்துப்போய் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். மன்னான்கள் ஏரியில் மீன் பிடிக்கிறார்கள். 2006இல் வன உரிமைச் சட்டம் வந்தது. 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் வாழும் பழங்குடிக்கு உரிமை உண்டு என்றது. பழங்குடி அல்லாதவர் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். புலிக்காக இடம் மாற்றுவதானால் சம்மதம் வேண்டும் என்றும் சட்டத்தில் எழுதியாகிவிட்டது. எழுதியதெல்லாம் நடக்கிறதா என்பது வேறு. கேட்பதற்கு ஒரு வரியாவது இருக்கிறது.

அந்த வரியும் எட்டாத ஓர் ஊர் காப்பகத்துக்குள்ளேயே இருக்கிறது. கவி. வண்டிப்பெரியாற்றிலிருந்து வல்லக்கடவு சோதனைச்சாவடி வழியாகப் போக வேண்டும். 1964 அக்டோபர் 30இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்றுக்கொள்ள ஒப்புக்கொண்டது. அப்படி வந்தவர்களில் சிலரைக் கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் ஏலத் தோட்டத்தில் வேலைக்கு வைத்துக் கவியில் குடியமர்த்தினார்கள். இலங்கையில் லயத்திலிருந்து கிளம்பி, கப்பல் ஏறி, மண்டபம் முகாம் தாண்டி, மறுபடியும் லயத்தில் வந்து இறங்கினார்கள். 2012இல் 'ஆர்டினரி' என்ற மலையாளப் படம் வந்த பிறகு கவிக்குச் சுற்றுலாக் கூட்டம். கவிக்காரர்களின் நிலமோ அரசுடையது, காடோ காப்பகம், வீடோ வேலையோடு போவது. 75 வருஷக் கணக்கு அவர்களுக்கு ஒத்துவராது. அந்த 75 வருஷத்தில் பாதி நுவரெலியாவிலும் ஹட்டனிலும் கழிந்தது.

காப்பகத்துக்குள் பழமையும் இருக்கிறது. தமிழக-கேரள எல்லை முகட்டில் மங்கலதேவி கண்ணகி கோயில். சித்திரா பௌர்ணமி அன்று ஒரே ஒரு நாள் திறப்பார்கள். தேனி ஆட்சியரும் இடுக்கி ஆட்சியரும் முன்கூட்டியே உட்கார்ந்து எத்தனை மணிக்கு ஏறலாம், எப்போது இறங்க வேண்டும் என்று பேசி முடிவு செய்வார்கள். குமுளியிலிருந்து ஜீப், இந்தப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடை. நீதி கேட்டு ஊரை எரித்தவளுக்கே வருஷத்தில் ஒரு நாள்தான் வாசல் திறக்கிறது என்று ஜீப்பில் ஒருவர் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று எழுதினால் பொய்.

காட்டையோ பழமையையோ காப்பதற்காக மனிதரை அப்புறப்படுத்துவது பீருமேட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் இல்லை. ஹம்பியை யுனெஸ்கோ 1986இல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்றது. அங்கே விரூபாட்சர் கோயில் தேரோடும் வீதியின் கல் மண்டபங்களில் குடியும் கடையுமாக இருந்த முந்நூற்றுக்கும் அதிகமான குடும்பங்களை 2011 ஜூலை கடைசியில் புல்டோசர் வைத்து அகற்றினார்கள். தேர்வீதியில் ஜனம் இருப்பது பாரம்பரியத்தில் சேர்த்தியா, ஆக்கிரமிப்பில் சேர்த்தியா என்ற கேள்விக்கு அன்று ஒரே நாளில் பதில் எழுதிவிட்டார்கள். அங்கேயும் பலருக்குக் கையில் காகிதம் இல்லை.

இடுக்கியிலேயே அரசு கம்பெனியிடமிருந்து பெரிய அளவில் நிலம் எடுத்ததும் உண்டு: 1971இல், கண்ணன் தேவன் மலை நில மீட்புச் சட்டம். மூணாறில் லட்சம் ஏக்கருக்கு மேல் அரசுக்கு வந்தது. தேயிலைக்கென்று ஒரு பெரிய பகுதி கம்பெனிக்கே திரும்பிப் போனது. துரைமார் வேட்டையாடிய மேட்டுநிலம் 1975இல் சரணாலயமாகி, 1978இல் இரவிகுளம் தேசியப் பூங்கா ஆனது. வரையாட்டுக்கு வீடு கிடைத்தது. அதில் எனக்குச் சந்தோஷமே. அந்தப் பூங்காவை அடுத்த பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். சாவுக்குப் பிறகுதான் அவர்கள் முகவரி செய்தித்தாளில் வந்தது.

ஏலப்பாறைப் பக்கத்துக்கு வேறு மாதிரியான சரிவு. இரண்டாயிரமாவது ஆண்டு வாக்கில் தேயிலை விலை விழுந்தபோது தோட்டங்கள் ஒவ்வொன்றாகப் பூட்டின. பீருமேடு டீ கம்பெனியின் சீந்தலாறு, லோன்ட்ரி தோட்டங்கள் 2000 இறுதியில் மூடப்பட்டன. ஆலை இயந்திரம் துருப்பிடித்தது. தேயிலைச் செடி இடுப்பளவிலிருந்து மரமாக வளர்ந்தது. தேயிலை மரம் என்று ஒன்று உண்டு என்பதை நான் பார்த்ததே அப்போதுதான். லயத்தில் இருந்தவர்கள் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக்கொண்டு கொழுந்து கிள்ளி விற்றார்கள். இளசுகள் எர்ணாகுளத்துக்கும் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கின. நடக்கிற தோட்டங்களில் இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் மருந்து அடிக்கிறார்கள். அவர்களுக்கும் லயம்தான். சில துரை பங்களாக்களில் விருந்தினர் தங்குகிறார்கள், இரவுக்கு இவ்வளவு என்று. லயத்தைப் பழுதுபார்க்க மாநில பட்ஜெட்டில் பணம் ஒதுக்கியதும் உண்டு. நான் பார்த்த கூரையில் இன்னும் தார்ப்பாய்தான் இருந்தது.

இப்போது நிலத்துக்குப் புதிதாக ஒரு சண்டை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் வைத்திருந்த நிலம் சுதந்திரத்துக்குப் பிறகு அரசுக்குச் சேர வேண்டியது என்று கேரள அரசு வாதிடுகிறது. சிறப்பு அதிகாரியாக இருந்த ராஜமாணிக்கம் ஐ.ஏ.எஸ். 2016இல் கொடுத்த அறிக்கை 5 லட்சம் ஏக்கருக்கு மேல் கணக்குச் சொன்னது. 2018 ஏப்ரலில் கேரள உயர் நீதிமன்றம், நிலம் யாருடையது என்று தீர்மானிக்கச் சிறப்பு அதிகாரிக்கு அதிகாரம் இல்லை, சிவில் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றது. அதே வருஷம் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அரசு சிவில் வழக்குகளுக்குத் திரும்பியது. மலைக்குக் கீழே எருமேலியில், சபரிமலை விமான நிலையத்துக்கென்று செறுவள்ளி எஸ்டேட்டின் 2,263 ஏக்கரை எடுக்கும் வேலையிலும் இதே உரிமைத் தகராறு ஒட்டிக்கொண்டது.

இங்கேதான் லயத்துக்காரர் கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2013 நில ஆர்ஜிதச் சட்டத்தின்படி, நிலம் இல்லாவிட்டாலும் அங்கே மூன்று வருஷம் வேலை செய்து பிழைத்த குடும்பம் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். மறுகுடியமர்வு கேட்கலாம், சமூகத் தாக்க ஆய்வில் பேசலாம். ஆனால் அரசு நிலத்தை ஆர்ஜிதம் செய்யாமல், 'இது ஆதியிலிருந்தே என்னுடையது' என்று வழக்குப் போட்டு மீட்டுக்கொண்டால் அந்தச் சட்டம் வாசலுக்கே வராது. எடுத்தால் உரிமை உண்டு, மீட்டால் இல்லை. வாதி அரசு, பிரதிவாதி கம்பெனி. லயம் அந்த வழக்கில் சொத்து விவரத்தில் வரும், கட்டடம் என்ற பெயரில். அரசு ஜெயித்தால் நல்லது என்று நினைக்கிற கட்சியில் நானும் இருக்கிறேன். ஆனால் ஜெயித்த அன்று லயத்துக்குப் பத்து சென்ட்டாவது என்று இப்போதே எழுதி வாங்காவிட்டால், கம்பெனி லயம் சர்க்கார் லயம் ஆகும். கவிக்காரர்களைக் கேட்டால் சர்க்கார் லயம் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள்.

காகிதம் இல்லாதது நிலத்தோடு நிற்பதில்லை. கேரளத்தில் பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் 1950க்கு முன்பே குடும்பம் இந்த மாநில எல்லைக்குள் இருந்ததைக் காட்ட வேண்டும். மற்றவர்கள் பழைய நிலப் பத்திரத்தையோ வரிச் சீட்டையோ காட்டுவார்கள். லயத்துக்காரருக்கு நிலம் இல்லை, அதனால் வரிச் சீட்டு இல்லை, அதனால் சான்றிதழ் இல்லை, அதனால் பேத்திக்குக் கல்லூரி இடஒதுக்கீடு இல்லை. அப்பாவின் அப்பா இங்கே இருந்தார் என்பதற்குச் சாட்சி கம்பெனியின் பழைய செக்ரோல்தான். தோட்டம் பூட்டிக் கிடக்க, ஆபீஸ் அலமாரியில் அதைக் கரையான் தின்கிறது.

ஆகவே மலையிலிருந்து இறங்கி வந்து திருப்பூரிலும் கோவையிலும் இருக்கிற பீருமேட்டு ஆட்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் கூலிச் சீட்டோ, கங்காணி எழுதிய துண்டோ, தோட்ட ஆஸ்பத்திரியின் பிறப்புப் பதிவோ, எஸ்டேட் பள்ளிக்கூடச் சான்றோ இருந்தால், பழசு என்று எறிந்துவிடாதீர்கள். மேலே ஒரு ஓரத்தில் தேதி இருக்கும். 1950க்கு முந்தியதா என்று பாருங்கள்.